உறங்கும் மலைகளின் சரளைப் பாதை

உரைநடை உலகம்

நுழையும்முன்

'ஆறு' என்னும் சொல்லுக்கு 'வழி' என்னும் பொருளும் உண்டு. முன்னே சென்றவர் பின்னே வருவோர்க்கு வழியின் இயல்பைக் கூறி நெறிப்படுத்துவதை 'ஆற்றுப்படுத்துதல்' என்றனர் நம் முன்னோர். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே நீர், எங்கே இடர் என அறிந்து செல்பவருக்கு வழியே நிலத்தைக் கற்பிக்கும் ஆசானாகிறது. ஜெர்மனி நாட்டின் மேற்கே, காடும் மலையும் எரிமலை வாய்களும் நிறைந்த ஐஃபெல் நிலத்தில், சரளைக்கல் பரப்பிய பாதைகளில் மிதிவண்டியில் செல்வோர் பெறும் அறிவையும், அவர்கள்முன் நிற்கும் ஒரு கடினமான வினாவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நெருப்பு வடித்த நிலம்

கிழக்கே ரைன் ஆறும் தெற்கே மொசெல் ஆறும் எல்லைகளாக அமைய, மேற்கே பெல்ஜியம், லக்சம்பர்க் ஆகிய நாடுகளைத் தொட்டுக் கிடக்கும் மேட்டுநிலமே ஐஃபெல். இதன் மிக உயர்ந்த முடியான ஹோஹே ஆஹ்ட், கடல் மட்டத்திலிருந்து 747 மீட்டர் உயரமே உடையது. இமயத்தையும் ஆல்ப்ஸையும் எண்ணி வருபவருக்கு இவை மலைகளாகவே தோன்றா. ஆயினும் ஓயாத ஏற்றமும் இறக்கமுமாக விரியும் இந்நிலத்தில் சமதளம் என்பது அரிது.

நிலத்தின் அடித்தளம் மிகப் பழைமையானது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறும் மணலும் இறுகிப் பலகைக்கல்லாகவும் மணற்கல்லாகவும் மாறின. அப்பழம்பாறையைத் துளைத்துக்கொண்டு மிக அண்மைக் காலத்தில் நெருப்பு மேலெழுந்தது. நிலவியலார் 'அண்மைக் காலம்' எனக் கூறுவது கடந்த ஏழு இலட்சம் ஆண்டுகளையே ஆகும். அக்காலத்தில் மேற்கு ஐஃபெலிலும் கிழக்கு ஐஃபெலிலுமாக ஏறத்தாழ 350 இடங்களில் எரிமலைகள் வெடித்தன. அவற்றுள் பல, ஒருமுறை வெடித்து அடங்கிய சிறு எரிமலைகள். ஆகவேதான் இங்கு ஒரு பெரிய எரிமலைக்கு மாறாக நூற்றுக்கணக்கான சிறு குன்றுகளும் பள்ளங்களும் காணப்படுகின்றன.

குன்றுகள் தோன்றிய முறை எளிது. பாறைக்குழம்பு வாணவேடிக்கை போலச் சிதறி, துண்டுகளாகக் குளிர்ந்து, வாயைச் சுற்றிக் கூம்பாகக் குவிந்தது. துளைகள் நிறைந்த இத்துண்டுகளை எரிமலைக் கசடு என்பர். சில இடங்களில் குழம்பு வழிந்தோடிப் பள்ளத்தாக்குகளில் உறைந்து கருங்கல்லாயிற்று. பள்ளங்கள் தோன்றிய முறையோ வியப்புக்குரியது.

வட்ட நீர்நிலைகள்

மேலேறிவரும் பாறைக்குழம்பு வழியில் நிலத்தடி நீரைச் சந்திக்குமானால் என்ன நேரும்? நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிப் பன்மடங்கு விரிகிறது. அவ்விசையால் மேலுள்ள பாறை தூள்தூளாகச் சிதறுகிறது. மீண்டும் நீர் இறங்க, மீண்டும் வெடிக்கிறது. முடிவில் அடித்தளம் குழிந்து புனல் வடிவப் பள்ளம் ஒன்று எஞ்சுகிறது. தூளாகிய பாறை சுற்றிலும் வரம்பாகப் படிகிறது. பின்னர் அப்பள்ளத்தில் நீர் நிறைந்து வட்டமான ஏரியாகிறது. இத்தகைய பள்ளத்தை ஐஃெபல் மக்கள் 'மார்' என்றழைத்தனர். திரியர் நகரப் பள்ளி ஆசிரியராகிய யோகான் ஸ்டைனிங்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலத்தை ஆய்ந்து எழுதியபோது அச்சொல்லை நிலவியலுக்குள் கொண்டுவந்தார். இன்று உலகில் எங்கு இவ்வகைப் பள்ளம் இருப்பினும் அதன் பெயர் 'மார்' என்பதே. ஒரு வட்டாரச் சொல் உலகச் சொல்லாகிய வரலாறு இது.

ஐஃபெலின் மார்ப் பள்ளங்களுள் சிலவே இன்றும் நீர் நிறைந்துள்ளன. ஏனையவை தூர்ந்து சதுப்பாகவும் புல்வெளியாகவும் மாறிவிட்டன. ஏறத்தாழ வட்டமாகவே விளங்கும் புல்வர் மார், 70 மீட்டருக்கும் மேல் ஆழமுடையது. டாவுன் என்னும் சிற்றூரின் அருகே கெமுண்டன், வைன்ஃபெல்ட், ஷால்கன்மேரன் என மூன்று மார்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அருகருகே இருந்தும் அவற்றின் நீர்மட்டங்கள் வெவ்வேறானவை. ஒவ்வொன்றும் தனித்தனி வெடிப்பினால் தோன்றியது என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பாகும்.

இந்த ஏரிகளின் அடியில் மற்றொரு செல்வம் உறங்குகிறது. வேனிற்காலத்தில் ஒரு மெல்லிய வெளிர்ப்படலமும் குளிர்காலத்தில் ஒரு கரும்படலமுமாக ஆண்டுதோறும் வண்டல் படிகிறது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவதுபோல இப்படலங்களை எண்ணிக் காலத்தைக் கணிக்கலாம். ஹோல்ஸ் மார், மேர்ஃபெல்டர் மார் ஆகியவற்றின் அடிவண்டலைத் துளையிட்டு எடுத்த அறிஞர்கள், பல்லாயிரம் ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை அதிலிருந்து படித்துள்ளனர். வண்டலில் கலந்த மகரந்தம், அன்று எந்த மரங்கள் வளர்ந்தன என்பதைக் காட்டுகிறது. இடையிடையே காணப்படும் சாம்பற்படலம், அருகில் எந்த எரிமலை எப்போது வெடித்தது என்பதைக் கூறுகிறது.

தெரியுமா?

கிழக்கு ஐஃபெலில் உள்ள லாஹர் ஏரி, ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பினால் உண்டானது. அவ்வெடிப்பின் சாம்பல் வடக்கே ஸ்வீடன் வரையிலும் தெற்கே இத்தாலியின் வடபகுதி வரையிலும் சென்று படிந்தது. வெளிப்பட்ட பொருள்கள் அடைத்துக்கொண்டதால் ரைன் ஆறே சிறிது காலம் தேங்கி ஏரியாயிற்று. ஏரியின் கிழக்குக் கரையில் இன்றும் கரியமில வளி குமிழ்குமிழாக மேலெழுவதைக் காணலாம். ஏரிக்கரையில் உள்ள மரியா லாஹ் துறவியர் மடம் 1093ஆம் ஆண்டு நிறுவப்பட்டது.

காடும் பாதையும்

இயற்கையில் ஐஃபெல், பீச் மரக்காடுகளின் நிலம். இரும்பை உருக்கக் கரி தேவைப்பட்டதால் பல நூற்றாண்டுகளாக மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய இடங்களில் ஆடுகள் மேய்ந்தன. காடு அழிந்து புதர்வெளியாகியது. 1815ஆம் ஆண்டு இப்பகுதி பிரஷ்ய அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. வெறுமையான சரிவுகளில் விரைந்து வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை அரசு நடச்செய்தது. வரிசை வரிசையாக ஒரே வகை மரம் நின்ற அக்காடுகளே பின்னர் இந்நிலத்தின் அடையாளமாயின.

மரம் வளர்ந்தால் வெட்ட வேண்டும். வெட்டினால் சுமந்து செல்ல வேண்டும். அதற்காகக் காட்டுக்குள் அமைக்கப்பட்டவையே சரளைப் பாதைகள். இன்று மிதிவண்டியில் வருவோர் மகிழ்ந்து செல்லும் பாதைகளில் பெரும்பாலானவை அவர்களுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. அவை மரச்சுமை ஏற்றிய கனவண்டிகளுக்காகப் போடப்பட்ட தொழிற்பாதைகள்.

சரளைப் பாதை எளியதாகத் தோன்றினும் அதன் அமைப்பு நுட்பமானது. அடியில் பருங்கற்களும் அதன்மேல் சிறுகற்களும் மேற்பரப்பில் மணலும் நுண்தூளும் கலந்த கலவையும் பரப்பப்படுகின்றன. தாரோ சிமெண்டோ சேர்ப்பதில்லை. கலவையை நனைத்து உருளையால் அழுத்தும்போது நுண்தூள் கற்களுக்கிடையே புகுந்து இறுகப் பற்றிக்கொள்கிறது. பாதையின் நடுப்பகுதி சற்றே உயர்ந்தும் இருபுறமும் தாழ்ந்தும் இருக்கும். மழைநீர் நிற்காமல் ஓரத்து வடிகாலுக்கு ஓடவே இவ்வமைப்பு. பாதையை இறுக்குவதும் நீர். பாதையை அழிப்பதும் நீர். வடிகால் அடைபட்டால் நீர் பாதையின் மீதே ஓடி நுண்தூளை அரித்துச் செல்லும். பிடிப்பிழந்த கற்கள் உருண்டு சிதறும். ஓராண்டில் பாதை ஓடையாகிவிடும்.

2018ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வந்த வறட்சி ஆண்டுகளில் ஸ்புரூஸ் மரங்கள் நீரின்றி நலிந்தன. நலிந்த மரங்களின் பட்டைக்குள் ஒருவகை வண்டுகள் பெருகி, மலைச்சரிவு முழுவதையும் பழுப்பாக்கின. பட்ட மரங்கள் பெருமளவில் வெட்டி அகற்றப்பட்டன. அவ்விடங்களில் இப்போது பலவகை மரங்கள் கலந்த காட்டை உருவாக்க முயல்கின்றனர். முன்னர் நிழல் சூழ்ந்திருந்த பாதைகள் சில இன்று திறந்தவெளியில் செல்கின்றன. ஒரே வகை மரத்தை நம்பிய காடு ஒரே இடரில் வீழும் என்பதை அச்சரிவுகள் காட்டுகின்றன.

சரளைக்கேற்ற மிதிவண்டி

சாலைப் போட்டிக்குரிய மிதிவண்டியின் சக்கரப்பட்டை மிக மெல்லியது. சரளையில் அது வழுக்கும். கரடுமுரடான மலைத்தடத்துக்குரிய மிதிவண்டி கனமானது. நெடுந்தொலைவுக்கு அது சோர்வு தரும். இரண்டுக்கும் இடைப்பட்டதே 'கிராவல் பைக்' எனப்படும் சரளை மிதிவண்டி. வளைந்த கைப்பிடியும் டிஸ்க் பிரேக்கும் ஏற்றத்துக்கேற்ற பல்சக்கர அமைப்பும் இதற்குண்டு. இதன் டயர், ஏறத்தாழ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுடையது.

டயரின் அகலத்தில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. அகன்ற டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம். அழுத்தம் குறைந்த டயர், கல்லின்மீது மோதித் துள்ளாமல் அதன் வடிவத்துக்கேற்ப நெகிழ்ந்து கடக்கிறது. அதனால் அதிர்வு குறைகிறது, பிடிப்பு மிகுகிறது. அளவுக்கு மீறிக் குறைத்தாலோ டயர் நசுங்கிச் சக்கரத்தின் விளிம்பு கல்லில் இடிக்கும். ஓட்டுபவரின் எடையும் பாதையின் தன்மையும் அறிந்து அழுத்தத்தை அமைப்பதே திறமை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் புல்வெளிகளில் 2006ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் நெடுந்தொலைவுப் போட்டி, சரளைப் பயணத்தைப் பலரும் அறியச் செய்தது. 2022ஆம் ஆண்டு இத்தாலியில் இதற்கென முதல் உலக வாகையர் போட்டி நடந்தது. ஐஃபெலின் காட்டுப்பாதைகளில் செல்வோருள் மிகப் பலர் போட்டியாளர் அல்லர். கைப்பையில் ரொட்டியும் நீரும் கொண்டு ஒருநாள் பயணமாக வருபவரே.

தெரிந்து தெளிவோம்

மிதிவண்டிக்கும் எரிமலைக்கும் தொடர்பு இருக்கக்கூடும். 1815ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானில் பரவியதால் 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இன்றிப் பயிர்கள் பொய்த்தன. குதிரைகளுக்குத் தீவனம் கிட்டவில்லை. 1817ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், குதிரையின்றிக் காலால் உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக்காட்டினார். அதுவே மிதிவண்டியின் முன்னோடி. தீவனப் பஞ்சமே அவரை அதற்குத் தூண்டியிருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் சிலரின் கருத்து.

கெரோல்ஸ்டைன் முதல் மாண்டர்ஷைட் வரை

கில் ஆற்றங்கரையில் உள்ள கெரோல்ஸ்டைன் ஊரிலிருந்து கிழக்கே டாவுன் சென்று, அங்கிருந்து தெற்கே மாண்டர்ஷைட் வரை காட்டுப்பாதைகள் வழியே பயணம் செய்வோம்.

கெரோல்ஸ்டைனின் மேல் மதில்போல நிற்கும் வெண்சாம்பல் நிறப் பாறை, ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலில் வளர்ந்த பவளத்திட்டு. அதன்மேல் ஏறினால் பாப்பன்கௌலே என்னும் நீரற்ற எரிமலை வாய் புல் மூடிக் கிடக்கிறது. கடல் வளர்த்த பாறையை நெருப்பு துளைத்த இடம் அது. அருகிலுள்ள குகையில் பழைய கற்கால மனிதர் தங்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. சில நூறு மீட்டர்த் தொலைவுக்குள் கடலும் நெருப்பும் மனிதனும் விட்டுச்சென்ற சுவடுகளை அங்குக் காணலாம்.

கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல வழியின் நிறம் மாறும். சாம்பல்நிறக் கற்கள் மறைந்து, செம்பழுப்பும் கருமையும் கலந்த எரிமலைக் கசடு சக்கரத்தின்கீழ் நொறுநொறுக்கும். நிலவியல் வரைபடத்தைப் பாராமலே, பாதையின் நிறத்தைக்கொண்டு எந்நிலத்தில் செல்கிறோம் என்பதை உணரலாம். ஹோஹன்ஃபெல்ஸ் ஊரருகே மலையைக் குடைந்த குகைகள் உள்ளன. அவை மாவரைக்கும் திரிகைக்கல் வெட்டியெடுத்த இடங்கள். நுண்துளைகள் நிறைந்த எரிமலைக்கல் தேயத்தேயப் புதிய கூர்விளிம்புகளைத் தருவதால் திரிகைக்கு ஏற்றதாயிற்று. கிழக்கு ஐஃபெலின் மாயன் நகரில் உரோமானியர் காலத்திலேயே இத்தொழில் பெருவாணிகமாக விளங்கியது.

டாவுனை அடைந்தபின் மொய்சபெர்க் என்னும் 561 மீட்டர் உயரக் குன்றில் ஏற வேண்டும். செங்குத்தான இடங்களில் வண்டியோட்டிகள் இறங்கி நடந்து செல்வர். உச்சியில் நின்றால் மார்கள் வட்ட ஆடிகளைப் போல ஒளிர்வதைக் காணலாம். அவற்றுள் வைன்ஃபெல்டர் மாரின் கரையில் ஒரு சிறு தேவாலயம் மட்டும் தனித்து நிற்கிறது. அதனைச் சுற்றியிருந்த ஊர் 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயால் கைவிடப்பட்டது. ஊர் அழிந்தும் கோவிலும் இடுகாடும் எஞ்சின. ஆதலின் மக்கள் அதனை 'இறந்தோர் ஏரி' என்பர்.

டாவுனிலிருந்து மொசெல் ஆற்றங்கரை வரை ஏறத்தாழ 58 கிலோமீட்டர் நீளும் மற்றொரு வழியும் உண்டு. தொடர்வண்டி ஓடுவது நின்றுபோன இருப்புப்பாதையின்மீது அமைக்கப்பட்ட மிதிவண்டிப் பாதை அது. புகைவண்டியால் செங்குத்தாக ஏற இயலாது. எனவே மலையைக் குடைந்தும் பள்ளத்தைப் பாலத்தால் தாண்டியும் மென்சரிவாகவே அப்பாதையை அன்று அமைத்தனர். முதியோரும் சிறுவரும் அதில் எளிதாகச் செல்லலாம். காட்டுப்பாதையோ நிலத்தின் போக்குக்கு இசைந்து வளைந்து செல்கிறது. உடல் வருத்தம் மிகுதி எனினும் நிலத்தின் ஒவ்வொரு மடிப்பையும் அது காட்டிவிடுகிறது.

தெற்கே மாண்டர்ஷைட்டில், லீசர் ஆற்றின் வளைவில் இரண்டு பழங்கோட்டைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அதற்கு மேற்கே உள்ள மோசன்பெர்க், வரிசையாக எழுந்த எரிமலைக் கூம்புகளின் தொகுதி. அதன் ஒரு கூம்பின் உச்சியிலுள்ள கிண்ணம் போன்ற வாயில் நீர் தேங்கி வின்ட்ஸ்போர்ன் என்னும் குளமாகியுள்ளது. அக்குன்றுக்கு அப்பால் தாழ்வில் கிடப்பது ஐஃபெலின் மிகப்பெரிய மார்ப் பள்ளமாகிய மேர்ஃபெல்டர் மார். இரண்டும் எரிமலை தந்த நீர்நிலைகளே. எனினும் ஒன்று கூம்பின் தலையில் உள்ளது, மற்றொன்று நிலத்தைக் குடைந்து கிடக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் அந்தச் சிறு பயணத்தில் இருவகை வெடிப்புகளின் வேறுபாட்டைக் கால்களே உணர்ந்துகொள்கின்றன.

மலையைத் தின்னும் பாதை

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட வினாவுக்கு வருவோம். சக்கரத்தின்கீழ் நொறுங்கும் அச்செம்பழுப்புச் சரளை எங்கிருந்து வந்தது? அருகிலுள்ள ஓர் எரிமலைக் கூம்பை வெட்டி எடுத்ததாக அது இருக்கக்கூடும். எரிமலைக் கசடு எடை குறைந்தது. நீரை எளிதில் வடியச் செய்வது. வெட்டி எடுக்கவும் எளியது. ஆகவே சாலைகளின் அடித்தளத்துக்கும் பாதைகளின் மேற்பரப்புக்கும் தோட்டங்களுக்கும் அது பெருமளவில் பயன்படுகிறது. கசடும் கருங்கல்லும் எடுக்கும் குவாரிகளால் ஐஃபெலின் குன்றுகள் பல தம் வடிவை இழந்துள்ளன; சில குன்றுகள் முற்றிலும் தேய்ந்து குழிகளாகிவிட்டன. மலையைக் காண நம்மை அழைத்துச் செல்லும் பாதை, மலையின் உடலைக்கொண்டே போடப்பட்டிருக்கிறது.

இதனை ஒருசார்பாக நோக்குதல் பொருந்தாது. கல்லெடுத்தல் இப்பகுதி மக்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சோறிட்ட தொழில். இன்றும் பல குடும்பங்கள் அதனை நம்பி வாழ்கின்றன. தொலைவிலிருந்து கல் கொண்டுவந்தால் செலவும் எரிபொருளும் மிகும்; அங்கும் ஒரு மலை குறையவே செய்யும். மேலும், எரிமலையின் உள்ளமைப்பை நமக்குக் காட்டியவையும் இக்குவாரிகளே. வால்ஸ்டார்ஃப் அருகிலுள்ள ஆரன்ஸ்பெர்க் குன்றில், கல்லெடுக்க வெட்டிய சுரங்கவழியே நடந்து எரிமலையின் உட்புறத்தைக் காணலாம். மெண்டிக் ஊரருகே பல மீட்டர் உயரம் வெட்டப்பட்ட ஒரு சுவரில், லாஹர் ஏரி வெடிப்பின் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் நேரில் கற்கின்றனர்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வெட்டிய மரம் மீண்டும் வளரும். வெட்டிய எரிமலைக் கூம்பு வளராது. கைவிடப்பட்ட குவாரியில் நீர் தேங்கித் தவளைகள் வாழலாம். பாறையிடுக்கில் ஆந்தை குஞ்சு பொரிக்கலாம். குன்று மட்டும் திரும்பி வாராது. எந்தக் குன்றை வெட்டலாம், எதனை விட்டுவைக்க வேண்டும் என்பது குறித்து உள்ளூர் மக்களுக்கும் தொழில் நடத்துவோர்க்கும் இடையே கருத்து மோதல் நீடிக்கிறது. இந்நிலத்தின் அருமையை உணர்ந்து 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய நிலவியல் பூங்காக்களின் கூட்டமைப்பு தோன்றியபோது, அதனைத் தொடங்கிய நான்கு பகுதிகளுள் ஒன்றாக ஐஃபெல் எரிமலைப்பகுதி விளங்கியது. 2015ஆம் ஆண்டு முதல் அது யுனெஸ்கோவின் உலக நிலவியல் பூங்காவாகவும் உள்ளது. இத்தகைய சிறப்பு ஒரு நிலத்துக்குப் பெயரைத் தருகிறது. அதனைக் காக்கும் பொறுப்போ அங்கு வாழ்பவரையும் வந்து செல்பவரையும் சார்ந்தது.

வழிச்செல்வோர் கடன்

எரிமலைப் பகுதியின் பெரும்பாகம் அமைந்துள்ள ரைன்லாந்து–ஃபால்ஸ் மாநிலத்தின் வனச்சட்டப்படி, காட்டில் சாலைகளிலும் வனப்பாதைகளிலும் மட்டுமே மிதிவண்டி ஓட்டலாம். ஒற்றையடிப் பாதைகள் நடப்போருக்கு உரியவை. இவ்விதிக்குக் காரணம் உண்டு. செங்குத்தான ஒற்றையடித் தடத்தில் பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரத்தை இழுத்துச் சென்றால் மண்ணில் ஒரு கோடு விழுகிறது. அடுத்த மழையில் அக்கோடே வாய்க்காலாகிறது. மண் அரித்து ஓடையில் கலக்கிறது. மரத்தின் வேர்கள் வெளிப்படுகின்றன. இறுக்கிப் போடப்பட்ட சரளைப் பாதை தாங்கும் சுமையை வெறும் காட்டுமண் தாங்காது.

பனி உருகும் காலத்திலும் பெருமழைக்குப் பின்னும் சரளைப் பாதையும் நெகிழ்ந்திருக்கும். அப்போது அதில் செல்லாதிருத்தல் நன்று. மரம் வெட்டுவதற்காகப் பாதை அடைக்கப்பட்டிருப்பின் தடுப்பைத் தாண்டிச் செல்லலாகாது. வீழும் மரம் பயணியை அறியாது. நடப்போரைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுத்தல் வேண்டும். மான்கள் வெளிவரும் அந்திப்பொழுதில் காட்டைவிட்டு நீங்குதல் முறை. மார்களுள் சிலவற்றில் நீராட இடமுண்டு. இயற்கைக் காப்பிடமாகிய வைன்ஃபெல்டர் மார் போன்றவற்றைக் கரையில் நின்று கண்டு செல்லவேண்டும். அதன் அடிவண்டல் கலங்கினால் ஆண்டுகளின் கணக்கும் கலங்கிவிடும்.

ஐஃபெலின் நெருப்பு முற்றும் அணைந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் இந்நிலம் உயர்ந்து வருவதை 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. லாஹர் ஏரியின்கீழ் மிக ஆழத்தில் தோன்றும் மெல்லதிர்வுகளையும் கருவிகள் பதிவு செய்துள்ளன. உடனடி வெடிப்புக்கு அவை அறிகுறி அல்ல. எனினும் மண்ணுக்கடியில் அணையாக் கனல் உள்ளது என்பதை அவை உணர்த்துகின்றன. இந்நிலத்தில் குன்றை ஆக்க நெருப்புக்குச் சில நாள்களோ சில ஆண்டுகளோ போதுமானதாக இருந்தது. ஆனால் அந்நெருப்பு மீண்டும் எப்போது எழும் என்பதை எவரும் அறியார். அதுவரை, இருக்கும் குன்றுகளே நமக்குள்ளவை. தான் மிதித்துச் செல்லும் ஒவ்வொரு சரளைக்கல்லும் ஒரு மலையின் துண்டு என்பதை அறிந்தவர், அம்மலையைச் சிக்கனமாகச் செலவிடுவார். பாதையில் ஓர் அரிப்பைக் கண்டால் அதனைச் சுற்றிப் புதுத்தடம் போடாமல் இறங்கி நடப்பார். வழியைக் கற்றலின் பயன் அதுவே.

அருஞ்சொற்பொருள்

ஆற்றுப்படுத்துதல் – வழிகாட்டுதல்
கசடு – துளைகள் நிறைந்த எரிமலைக்கல் துண்டு
வண்டல் – நீரால் கொண்டுவந்து படியும் மண்
திரிகை – மாவரைக்கும் வட்டக்கல்
ஆடி – கண்ணாடி
கனல் – நெருப்பு

இலக்கணக் குறிப்பு

எரிமலை – வினைத்தொகை
கருங்கல் – பண்புத்தொகை
அணையாக் கனல் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
உறங்கும் மலை – பெயரெச்சத் தொடர்
தேயத்தேய – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

நிறைந்த = நிறை + த்(ந்) + த் + அ
நிறை – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி.

செல்வர் = செல் + வ் + அர்
செல் – பகுதி. வ் – எதிர்கால இடைநிலை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

புணர்ச்சி விதி

கருங்கல் = கருமை + கல்
'ஈறுபோதல்' என்னும் விதிப்படி 'மை' கெட்டு, கரு + கல் என்றாயிற்று.
'இனமிகல்' என்னும் விதிப்படி, கருங்கல் என்றாயிற்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு மண்சாலை அல்லது சரளைச் சாலையை மழைக்கு முன்னும் பின்னும் உற்றுநோக்கி, நீர் செல்லும் திசையையும் அரிப்பு ஏற்பட்ட இடங்களையும் வரைபடமாக வரைக.

2. உங்கள் வீடு அல்லது பள்ளிக் கட்டடத்துக்குரிய கல்லும் மணலும் எங்கிருந்து வந்தன என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'குன்றை வெட்டுவதால் வரும் வேலைவாய்ப்பும், குன்றைக் காப்பதால் வரும் நன்மையும்' – இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பில் சொல்லாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'மார்' என்னும் பள்ளம் தோன்றக் காரணமாவது
அ) ஆற்று அரிப்பு
ஆ) பாறைக்குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்தல்
இ) பனிப்பாறை உருகுதல்
ஈ) குவாரித் தொழில்

2. பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க.
கூற்று: சரளைப் பாதையின் நடுப்பகுதி சற்றே உயர்த்தி அமைக்கப்படுகிறது.
காரணம்: மழைநீர் தேங்காமல் ஓரத்து வடிகாலுக்குச் செல்ல வேண்டும்.
அ) கூற்று சரி, காரணம் தவறு
ஆ) கூற்று தவறு, காரணம் சரி
இ) இரண்டும் சரி
ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. ஏரியின் அடிவண்டலைக்கொண்டு காலத்தைக் கணிப்பது எவ்வாறு?
2. எரிமலைக்கல் திரிகைக்கு ஏற்றதாக இருப்பதன் காரணம் யாது?
3. 'இறந்தோர் ஏரி' – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா

1. அகன்ற டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைப்பதன் நன்மையையும் வரம்பையும் விளக்குக.
2. 'பாதையை இறுக்குவதும் நீர். பாதையை அழிப்பதும் நீர்' – இத்தொடரைப் பாடத்தின்வழி விளக்குக.
3. வின்ட்ஸ்போர்ன் குளத்தையும் மேர்ஃபெல்டர் மாரையும் ஒப்பிடுக.

நெடுவினா

'மலையைக் காண நம்மை அழைத்துச் செல்லும் பாதை, மலையின் உடலைக்கொண்டே போடப்பட்டிருக்கிறது' – இக்கூற்றில் அடங்கியுள்ள சிக்கலை இருதரப்புக் கருத்துகளுடன் ஆய்ந்து, உங்கள் முடிவைக் காரணங்காட்டி எழுதுக.